வகுப்புல என்ன நடக்குதுன்னு பெற்றோருக்கு எப்படி சொல்றது: தொடக்கப்பள்ளி டீச்சர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அரசு தொடக்கப்பள்ளியில 1, 2, 3 வகுப்பு எடுக்குறவங்களுக்காக இத எழுதுறேன், அதுலயும் புதுசா வேலைக்கு சேர்ந்தவங்களுக்கு. புதுசா வர்றவங்க முக்கால்வாசிப்பேர் மொத வாரமே ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சுடுறாங்க, அதுல தினமும் "இன்று பாடம் 2 நடத்தப்பட்டது"னு போடுறாங்க, ஒரு மாசத்துல ஒருத்தரும் பார்க்கிறதில்ல, அப்புறம் "எங்க ஊர் பெற்றோருக்கு அக்கறையே இல்ல"னு முடிவுக்கு வந்துடுறாங்க. அக்கறை இருக்கு. நாம சொல்ற வரிசையும் சொல்ற விஷயமும்தான் சரியில்ல.

நீங்க என்ன நடத்துனீங்கன்னு தெரிஞ்சு அவங்க என்ன பண்ணப் போறாங்க? புள்ளைக்கு இப்ப என்ன வந்திருக்கணும், வந்திருக்கான்னு வீட்லயே எப்படிப் பார்க்கிறது, அதான் அவங்களுக்கு வேணும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் அப்பாயியும் கூட பார்த்துக்கிற மாதிரி அத சொல்ல முடியும். கீழ இருக்குற எல்லா படியும் அதுக்காகத்தான்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது ரொம்ப கம்மி: அந்தப் பருவத்து (வருஷத்த மூணா பிரிச்சதுல ஒரு பங்குதான் பருவம்) பாடப்புத்தகம், ஆசிரியர் கையேடு, ஒரு தனி நோட்டு. தலைமை ஆசிரியர்கிட்ட இப்படி செய்யப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஏன்னா பெற்றோர் வந்து மொதல்ல அவங்ககிட்டதான் கேட்பாங்க.

1. பருவத்துக்கு ஒரு பக்கம் எழுதிக்குங்க

கையேட்டுல கற்றல் விளைவுகள்னு, அதாவது புள்ளைக்கு என்னென்ன வந்திருக்கணும்னு, ஒரு பட்டியல் இருக்கும். அது நமக்காக எழுதுனது, அத அப்படியே படிச்சுக் காட்டுனா யாருக்கும் புரியாது. அதுல இருந்து ஒரு பருவத்துக்கு அஞ்சு ஆறு விஷயம் மட்டும் எடுங்க. தமிழ்ல ரெண்டு, கணக்குல ரெண்டு, இங்கிலீஷ்ல ஒண்ணு, பழக்கவழக்கத்துல ஒண்ணு போதும்.

தாள நடுவுல கோடு போட்டு இடது பக்கம் புள்ளைக்கு வர வேண்டியது, வலது பக்கம் வீட்ல பார்க்குற வழி. ரெண்டாம் வகுப்புக்கு உதாரணம் சொல்றேன். இடது பக்கம்: பழம், பலம், பள்ளம் மூணும் எழுதிக் காட்டுனா மாத்தி மாத்தி சொல்லாம படிக்கணும். வலது பக்கம்: மூணையும் தனித்தனி சீட்டுல புள்ளையவே எழுதச் சொல்லி, கலைச்சுப் போட்டு, "பழம் எது?"னு எடுத்துத் தரச் சொல்லுங்க. இடது பக்கம்: 23னா ரெண்டு பத்து, மூணு ஒண்ணுன்னு தெரியணும். வலது பக்கம்: ஒரு கை புளியங்கொட்டைய போட்டு பத்து பத்தா குவிக்கச் சொல்லுங்க, எத்தனை குவியல், மீதி எத்தனைன்னு கேளுங்க.

வலது பக்கம் எழுத வரலைன்னா அந்த விஷயம் நமக்கே இன்னும் தெளிவா இல்லைன்னு அர்த்தம். அதனாலதான் இது மொத படி. இந்தத் தாள் இல்லாம கூட்டம் போட்டா பேச்சு தானா சீருடை, புத்தகப்பை, ஆதார்னு போயிடும்.

புதுசா வர்றவங்க பண்ற தப்பு, பதினஞ்சு இருபது விஷயத்த எழுதறது. அவ்ளோ இருந்தா ஒண்ணுமே நிக்காது.

2. எந்த வீட்ல யார் பார்த்துக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்குங்க

எமிஸ்ல, அதாவது பள்ளிக்கல்வித் துறையோட ஆன்லைன் மாணவர் பதிவுல, இருக்குற நம்பர் பெரும்பாலும் அப்பாவோடது. அவர் திருப்பூர்லயோ சிங்கப்பூர்லயோ இருப்பாரு, புள்ளைய தலை சீவி அனுப்புறது அப்பாயியா இருக்கும். நீங்க அனுப்புற சேதி எல்லாம் அவருக்குப் போகும், வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது.

அதனால தனி நோட்டுல புள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி நாலே விஷயம் எழுதுங்க: காலையில யார் கிளப்பி விடுறாங்க, சாயங்காலம் யார் பக்கத்துல இருக்காங்க, வீட்ல யாருக்காவது வாசிக்கத் தெரியுமா, போன் எத்தனை மணிக்கு வீட்ல இருக்கும். வீட்ல தமிழ் பேசலைன்னா அந்த மொழியையும் குறிச்சுக்குங்க, தெலுங்கு, சௌராஷ்டிரா பேசுற வீடு நெறைய, இப்ப பீகார், ஒடிசாவுல இருந்து வந்து செங்கல் சூளையிலயும் மில்லுலயும் வேலை பாக்குறவங்க புள்ளைங்களும் நம்ம வகுப்புல உக்காந்திருக்கு.

இத ஃபார்ம் குடுத்து நிரப்பச் சொல்லாதீங்க. ஃபார்ம்னா எதுக்கோ கையெழுத்து கேக்குறாங்கன்னு பயப்படுவாங்க, எழுதத் தெரியாதவங்க அப்படியே வச்சுடுவாங்க. காலை உணவுத் திட்டத்துக்கு புள்ளைங்கள சீக்கிரமே கொண்டாந்து விடுறாங்க இல்லையா, அந்த நேரம் வாசல்ல நின்னு ரெண்டு ரெண்டு பேர்கிட்ட பேசுனா ரெண்டு மூணு வாரத்துல நோட்டு முடிஞ்சிடும். வருமானம், கடன், குடும்பச் சண்டை பத்தி எதுவும் கேக்காதீங்க, அவங்களா சொன்னாலும் நோட்டுல எழுதாதீங்க.

கூட்டத்துக்கு முன்னாடியே இது முடியணும், ஏன்னா கூட்டத்த எத்தனை மணிக்கு வைக்கணும்ங்கறதே இந்த நோட்ட பார்த்துதான் முடிவாகும்.

3. மொத சேதி நல்ல சேதியா இருக்கட்டும்

பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிட்டாலே ரெண்டு காரணம்தான்னு வீட்ல நெனைப்பாங்க. ஒண்ணு பேங்க் பாஸ்புக், சாதிச் சான்று மாதிரி ஏதோ பேப்பர் வேணும், இல்ல புள்ள ஏதோ பண்ணிடுச்சு. அந்த எண்ணத்த மாத்தாம நீங்க என்ன சொன்னாலும் காதுல ஏறாது.

ஜூன் முடியறதுக்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல விஷயம் போயிடணும். "நல்லா படிக்கிறான்"னு சொல்றது சேதியே இல்ல, எல்லாருக்கும் சொல்ற வார்த்தைன்னு அவங்களுக்குத் தெரியும். நீங்க கண்ணால பார்த்தத சொல்லுங்க: "அம்மா, இன்னிக்கு பக்கத்துல இருக்குற புள்ளைக்கு பென்சில் பிடிக்க வரல, உங்க பொண்ணுதான் விரல பிடிச்சு காட்டிக் குடுத்துச்சு". அவ்ளோதான், அதோட நிறுத்திடுங்க.

இங்கதான் நெறைய பேர் சறுக்குறாங்க. நல்லது சொல்லிட்டு அதே மூச்சுல "ஆனா கையெழுத்து மட்டும் சரியில்ல, அப்புறம் ஆதார் நகல் குடுங்க"னு சேர்த்துடுறாங்க. வீட்டுக்குப் போகையில அந்தம்மா மனசுல நிக்கப் போறது கடைசியா சொன்னதுதான். பேப்பர் கேக்குறத வேற நாள் வச்சுக்குங்க.

4. மொத கூட்டம்

நேரம்: நடவு, களையெடுப்பு சமயத்துலயும் நூறு நாள் வேலை நடக்கும்போதும் காலை பதினோரு மணிக்கு கூட்டம்னா கூலிய விட்டுட்டுதான் வரணும். ஒரு நாள் சம்பளம் போகும்னா யாரும் வரமாட்டாங்க, வராததுல தப்பும் இல்ல. புள்ளைய விட வர்ற நேரத்துலயோ, வேலை முடிஞ்சு வந்தப்புறமோ வைங்க. அப்பவும் எல்லாரும் ஒரே நாள்ல வர முடியாது, ரெண்டு நாளா பிரிச்சு வச்சா இன்னும் நல்லது.

கூப்பிடுறது: சீட்டு பையிலயே கிடந்து கசங்கிடும். முந்தின நாள் சாயங்காலம் புள்ளைங்ககிட்ட "நாளைக்கு அம்மா வந்தா நீ என்ன செஞ்சு காட்டப் போற?"னு கேட்டு அனுப்புங்க, புள்ளையே இழுத்துட்டு வந்துடும்.

உக்கார்றது: ஆம்பளைங்களுக்கும் ஊர்ல கொஞ்சம் வசதியானவங்களுக்கும் நாற்காலி, மத்தவங்களுக்கு தரைன்னு எங்கயும் வந்துடக் கூடாது. எல்லாருக்கும் நாற்காலி, இல்லைன்னா டீச்சரோட சேர்த்து எல்லாரும் பாய். இதுல நான் கறாராத்தான் இருப்பேன். பின்னாடி தரையில உக்காந்த அம்மா அந்தக் கூட்டத்துல வாயே திறக்க மாட்டாங்க, அவங்க புள்ளைய பத்திதான் நாம அதிகமா தெரிஞ்சுக்க வேண்டியிருக்கும்.

பேசுற வரிசை இப்படி இருக்கட்டும். மொதல்ல பேச்சே வேண்டாம், செஞ்சு காட்டுங்க. ஈர்க்குச்சிய பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வச்சிருப்போம்ல, அத பெற்றோர் கையில குடுத்து 34 எடுங்கன்னு சொல்லுங்க, அப்புறம் அதோட 8 சேர்க்கச் சொல்லுங்க. உதிரிக்குச்சி பன்னெண்டு ஆகும், அதுல பத்த எடுத்து அவங்களே ஒரு கட்டா கட்டும்போது, வகுப்புல ஏன் புள்ளைங்க குச்சிய வச்சுகிட்டு உக்காந்திருக்குன்னு நீங்க விளக்கவே வேண்டாம். "விளையாட்டு காட்டியே பொழுத போக்குறாங்க"ங்கற பேச்சு அங்கயே நின்னுடும்.

அதுக்கப்புறம் அந்த ஒரு பக்கத் தாள வீட்டுக்கு ஒண்ணா குடுங்க. ஒவ்வொண்ணா சொல்லி, வீட்ல பார்க்குற வழிய ஒரு புள்ளைய கூப்பிட்டு செஞ்சு காட்டுங்க. தயங்காம செய்யுற புள்ளையா பார்த்து கூப்பிடுங்க, திணறுற புள்ளைய எல்லார் முன்னாடியும் நிறுத்தவே நிறுத்தாதீங்க.

மூணாவதா, நாம வீட்டுலருந்து எதிர்பார்க்குறது. தினமும் அனுப்புங்க. வரலைன்னா காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லுங்க. ராத்திரி புள்ள நேரத்தோட தூங்கட்டும். பள்ளிக்கூடத்துல நடந்தத பத்தி தினம் ஒரு கேள்வி கேளுங்க. படிப்புக்காக அடிக்காதீங்க. இதுக்கு மேல பட்டியல நீட்டாதீங்க.

வீட்டுப்பாடம் ஏன் இல்லைன்னு கட்டாயம் கேட்பாங்க, பக்கத்து நர்சரி ஸ்கூல் புள்ள நோட்டு நோட்டா எழுதுறத அவங்க தினமும் பார்க்குறாங்க. 1, 2ஆம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2018லயே சொன்னத எடுத்துச் சொல்லுங்க. அதே வருஷம் மத்திய அரசு இந்த ரெண்டு வகுப்புக்கும் புத்தகப்பை ஒன்றரை கிலோவுக்கு மேல போகக் கூடாதுன்னு சொன்னதையும் சேர்த்துக்குங்க. ஆனா சட்டத்த சொல்லிட்டு நிறுத்துனா "அப்ப வீட்ல என்னதான் பண்றது"னு அவங்களுக்கு இருக்கும். எழுதுற வேலைதான் இல்ல, பேசுறதும் எண்ணுறதும் வாசிக்கிறதும் உண்டுன்னு சொல்லி அந்தத் தாளோட வலது பக்கத்த காட்டுங்க.

கடைசியா அவங்க பேசணும். நாப்பது நிமிஷ கூட்டத்துல பதினஞ்சு நிமிஷமாவது இதுக்கு வேணும். கழிவறை, தண்ணி, சோறுன்னு கேட்டா தட்டிவிடாதீங்க, நோட்டுல எழுதிக்குங்க.

5. வாசிப்ப வீட்ல பார்க்குறது எப்படின்னு தனியா சொல்லிக் குடுங்க

பெரும்பாலான வீட்ல ஏமாந்து போறது இந்த எடத்துலதான், அதனால இதுக்கு நேரம் ஒதுக்குங்க. புள்ள புத்தகத்த விரிச்சு வச்சுகிட்டு கடகடன்னு சொல்லும், வீட்ல எல்லாரும் நல்லா படிக்குதுன்னு சந்தோஷப்படுவாங்க, உண்மையில வகுப்புல கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டு மனப்பாடம் ஆயிருக்கும், கண்ணு படத்துலதான் இருக்கும்.

எழுத்து தெரியாதவங்களும் இத கண்டுபிடிச்சுடலாம். புள்ளைய ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழ விரல் வச்சுப் படிக்கச் சொல்லுங்க. வாயும் விரலும் ஒண்ணா போகுதான்னு பார்க்கணும். வாய் வரிய முடிச்சிருச்சு, விரல் பாதியில நிக்குதுன்னா அது மனப்பாடம். இன்னொண்ணு, நடுவுல ஏதாவது ஒரு வார்த்தைய தொட்டுக் காட்டி "இது மட்டும் என்ன?"னு கேக்குறது. புள்ள மேல இருந்து மறுபடி ஆரம்பிச்சு சொல்லிகிட்டே அந்த எடத்துக்கு வந்தா இன்னும் வாசிக்க வரலைன்னு அர்த்தம்.

ரெண்டையும் கூட்டத்துல செஞ்சு காட்டணும், வாயால சொன்னா பிடிபடாது. கூடவே ஒண்ணு அழுத்திச் சொல்லணும்: மனப்பாடமா இருக்குன்னு தெரிஞ்சா திட்டக் கூடாது, எங்ககிட்ட வந்து சொன்னா போதும், மீதிய நாங்க பார்த்துக்கிறோம்.

6. அரும்பு, மொட்டு, மலர் பத்தி பேசுறப்போ

புள்ளைங்களுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வரணும்னு அரசு கொண்டு வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல வந்ததுல இருந்து புள்ளைங்கள நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு சொல்லிக் குடுக்குறோம். நம்ம வசதிக்கு வந்த பேரு அது, வீட்டுக்கு போகும்போது ரேங்க் மாதிரி ஆயிடுது. "அவ புள்ள மலராம், என் புள்ள அரும்பாம்"னு தண்ணிக் குழாய்கிட்ட பேச்சாயிடும்.

கூட்டத்துல பொதுவா மட்டும் விளக்குங்க: புள்ள இப்ப எங்க நிக்குதோ அங்க இருந்து சொல்லிக் குடுக்குறதுக்காக பிரிக்கிறோம், முன்னேறுனா மாறும், தமிழ்ல ஒரு நிலையும் கணக்குல வேற நிலையும் இருக்கலாம். எந்தப் புள்ள எதுலங்கறத அந்தந்த வீட்டுக்கு தனியாதான் சொல்லணும். சொல்லும்போது பேர சொல்றதோட நிறுத்தாம, "இப்ப ரெண்டெழுத்து மூணெழுத்து வார்த்தை படிக்கிறான், அடுத்து சின்ன வாக்கியம், அதுக்கு இதெல்லாம் செய்யுறோம்"னு அடுத்த படியையும் சேர்த்து சொல்லுங்க. மூணாம் வகுப்புல உக்காந்துகிட்டு அரும்புல இருக்குற புள்ள வீட்டுக்கு இது ரொம்ப அவசியம்.

7. வாரத்துக்கு ஒரு சேதி, குரல்ல

இப்ப வாட்ஸ்அப்புக்கு வரலாம். வாரத்துல ஒரே நாள், ஒரே நேரம், ஒரு நிமிஷத்துக்குள்ள ஒரு வாய்ஸ் மெசேஜ். எழுத்துல அனுப்பாதீங்க, வாசிக்கத் தெரியாதவங்க வேற யார்கிட்டயாவது போன குடுத்துப் படிக்கச் சொல்லணும், அதுக்கு கூச்சப்பட்டே விட்டுடுவாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு ஏழரைக்கு போட்டா சனி ஞாயிறுல செஞ்சு பார்க்க நேரம் இருக்கும்.

மூணே பகுதி: இந்த வாரம் புள்ளைங்க செஞ்சது, வீட்ல பார்க்குற வழி, அடுத்த வாரம் வேணும்கிறது. இப்படி:

"வணக்கம்மா, ரெண்டாம் வகுப்பு டீச்சர் பேசுறேன். இந்த வாரம் கூட்டல் செஞ்சோம், பத்து பத்தா கட்டி. வீட்ல கத்தரிக்காயோ வெங்காயமோ வாங்கிட்டு வந்தா புள்ளைய எண்ணச் சொல்லுங்க, பத்து சேர்ந்ததும் தனியா வைக்குதான்னு பாருங்க. அடுத்த வாரம் இலை பத்தி படிக்கப் போறோம், திங்கட்கிழமை ஏதாவது ரெண்டு இலை குடுத்து அனுப்புங்க, காசு போட்டு எதுவும் வாங்க வேண்டாம்."

குரூப்பா பிராட்காஸ்ட் லிஸ்ட்டான்னு கேட்டா, நான் பிராட்காஸ்ட்தான் சொல்லுவேன். குரூப்ல எல்லா அம்மாக்களோட நம்பரும் எல்லாருக்கும் தெரியும், அதனால வந்த தொந்தரவ நான் பார்த்திருக்கேன். பிராட்காஸ்ட்ல ஒரே சேதி ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போகும், அந்தக் கவலை இல்ல, ஆனா உங்க நம்பர அவங்க போன்ல சேவ் பண்ணியிருந்தாதான் சேதி போய்ச் சேரும், அதனால கூட்டத்தன்னிக்கே ஒவ்வொரு போனா வாங்கி சேவ் பண்ணிக் குடுத்துடுங்க. குரூப்தான் வேணும்னு பள்ளியில சொன்னா, அட்மின் மட்டும் அனுப்புற மாதிரி செட்டிங்க மாத்திடுங்க.

எதுல அனுப்புனாலும் மார்க், வராத புள்ளைங்க பேரு, ஒரு புள்ளையோட தப்பு இதெல்லாம் பொதுவுல போகவே கூடாது. போட்டோ போடுறதுக்கு முன்னாடி வீட்ல கேளுங்க.

போன் இல்லாத வீடு, ரீசார்ஜ் தீர்ந்த வீடு எப்பவும் நாலஞ்சு இருக்கும். நோட்டுல அவங்க பக்கத்த மடிச்சு வச்சுகிட்டு திங்கட்கிழமை வாசல்ல பார்க்கும்போது வாயால சொல்லிடுங்க. இந்தி பேசுற வீடு இருந்தா, ஊர்ல ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேட்டு அதே சேதிய அவங்க மொழியில பேசி வாங்கி அனுப்புங்க. அஞ்சாம் வகுப்புல படிக்கிற அக்காவே சிலசமயம் அழகா பேசிக் குடுக்கும், பொதுச் சேதிக்கு அது போதும். தம்பியோட குறைய அக்கா வாயால சொல்ல வைக்கிறது மட்டும் கூடாது.

8. கஷ்டமான சேதி

புள்ள பின்தங்குது, வகுப்புல அடிக்குது, சரியா கண்ணு தெரியல போல இருக்குன்னு சொல்ல வேண்டி வரும். இத போன்லயோ வாசல்ல எல்லார் முன்னாடியோ சொல்லாதீங்க, தனியா உக்காந்து பேசுங்க. வரிசை முக்கியம்.

மொதல்ல நீங்க பார்த்தது, முடிவு இல்ல. "சேட்டை ஜாஸ்தி"ங்கறது முடிவு. "இந்த வாரம் மூணு தடவை எழுதும்போது எழுந்து ஜன்னல்கிட்ட போயிட்டான்"ங்கறது பார்த்தது. அடுத்து, அவங்களுக்கு என்ன தெரியும்னு கேளுங்க. வீட்லயும் டிவிக்கு ரொம்ப பக்கத்துல உக்காருதா, ராத்திரி தூங்குதா, வீட்ல புதுசா ஏதாவது நடந்துச்சா. பாதி விஷயம் இந்த எடத்துலயே தெளிவாயிடும். மூணாவது, வகுப்புல நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் வீட்டுக்கு ஒரு வேலை, ஒண்ணே ஒண்ணு. கடைசியா மறுபடி எப்ப பேசலாம்னு ஒரு நாள்.

வீட்டு வேலைய மொதல்லயே சொல்லிட்டா, பொறுப்ப அவங்க தலையில கட்டுறீங்கன்னு படும். நாள் குறிக்காம விட்டா, குறை சொல்றதுக்கு மட்டும் கூப்பிட்டாங்கன்னு ஆயிடும். "நீங்க கொஞ்சம் கவனிச்சுக்கணும்"ங்கற வார்த்தைய விட்டுடுங்க, என்ன செய்யணும்னு அதுல ஒண்ணுமே இல்ல, சில வீட்ல அதுக்கு அர்த்தம் அன்னிக்கு ராத்திரி புள்ளைக்கு அடி. அந்த பயம் உங்களுக்கு இருந்தா பேச்சு முடியும்போது நேராவே சொல்லுங்க: "இதுக்காக அடிச்சிடாதீங்கம்மா, அடிச்சா என்கிட்ட வாசிக்கவே பயப்படுவான்."

9. பருவம் முடியும்போது

முப்பருவ முறையில வளரறி மதிப்பீட்டுக்கு (பருவம் முழுக்க வகுப்புல செய்யுற வேலைக்கு) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவக் கடைசி பரீட்சைக்கு) 60. பெற்றோர் அந்த 60 எழுதுன பேப்பர மட்டும்தான் பரீட்சைன்னு நெனைக்கிறாங்க. 40 எங்க இருந்து வந்துச்சுன்னு புள்ள செஞ்ச வேலைய எடுத்துக் காட்டி சொல்லுங்க.

மார்க்க காட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்த காட்டுங்க: ஜூன்ல எழுதுனது ஒண்ணு, செப்டம்பர்ல எழுதுனது ஒண்ணு. இதுக்காக ஒவ்வொரு புள்ளையோட மொத வார எழுத்தையும் தேதி போட்டு எடுத்து வச்சிருக்கணும், மறந்துட்டா அப்புறம் கிடைக்காது. ஜூன்ல கோட்டுக்கு மேலயும் கீழயும் ஓடுன 'அ' இப்ப கோட்டுல நிக்குறது படிக்காதவங்க கண்ணுக்கும் தெரியும். அடுத்தவங்க புள்ள எவ்ளோன்னு கேட்டா சொல்லாதீங்க, மறுபடி இந்த ரெண்டு தாளையே காட்டுங்க.

அப்புறம் பருவ ஆரம்பத்துல குடுத்த ஒரு பக்கத்த எடுத்து வந்தது, வந்துட்டிருக்கறது, இன்னும் வராததுன்னு டிக் பண்ணி கையில குடுங்க. அடுத்த பருவத்து தாளையும் அன்னிக்கே குடுத்துட்டா தனியா ஒரு கூட்டம் மிச்சம்.

10. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு எத கொண்டு போறது

கல்வி உரிமைச் சட்டத்துப்படி இந்தக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர்தான். மொத கூட்டத்துல நோட்டுல எழுதிக்கிட்டீங்களே, தண்ணி, கழிவறை, சுற்றுச்சுவர், அதெல்லாம் இங்க போகணும், தீர்மானமா எழுதணும், என்ன ஆச்சுன்னு கேட்டவங்ககிட்ட திரும்பிப் போய் சொல்லணும். திரும்பிச் சொல்றத விட்டுட்டா அடுத்த கூட்டத்துல யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. தனிப்பட்ட புள்ளையோட படிப்போ வீட்டு விஷயமோ இங்க பேச்சாகக் கூடாது, குழுவுல இருக்குறவங்க எல்லாரும் அதே தெருக்காரங்க.

வருஷ கடைசியில அந்த நோட்ட என்ன பண்றதுன்னு கேட்பீங்க. அடுத்த வகுப்பு டீச்சர்கிட்ட ஏப்ரல் முடியறதுக்குள்ள உக்காந்து பக்கம் பக்கமா பேசி ஒப்படைங்க. யாருக்கு வாய்ஸ் மெசேஜ் கேக்கும், யார்கிட்ட நேர்ல சொல்லணும், எந்தப் புள்ளைக்கு விரலும் வாயும் இன்னும் சேரலங்கறது வரைக்கும் சொல்லுங்க. அந்த டீச்சர் ஜூன்ல ரெண்டாம் படிய மொதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல, மாறுன நம்பர மட்டும் கேட்டுக்கிட்டா போதும்.